தடின்ஜுட் முதல் கிறிஸ்துமஸ் வரை: கையால் செய்யும் பரிசுகள், அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ரங்கூனில் ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பில் பிள்ளைகளுக்கு எழுத்து சொல்லிக்கொடுக்கிறேன். (அரசாங்கத்துக்கு அது யாங்கோன். எங்கள் வீட்டில் இன்னும் ரங்கூன்தான்.) வகுப்பு முடிந்து கடைசி அரை மணி நேரம் காகிதம், துணி, பசை என்று கைவேலை நடக்கும். பிள்ளைகள் செய்து கொண்டுபோவதைப் பார்த்துவிட்டு அம்மாமார்கள் வந்து கேட்கும் கேள்விகள் வருஷா வருஷம் ஏறக்குறைய ஒன்றேதான். வாசலில் நின்று பத்துப் பேருக்குத் தனித்தனியாகச் சொல்வதை இங்கே ஒரே இடத்தில் எழுதி வைத்திருக்கிறேன்.

எப்போது தொடங்க வேண்டும்?

ஆவணி மாதமே. சிரிக்காதீர்கள். காகிதம், பசை, பெயின்ட் எல்லாம் காய வேண்டிய சாமான்கள். ரங்கூனில் மே மாதம் பிடிக்கிற மழை அக்டோபரில்தான் விடும். வெளியில் காயப்போட்ட துணியே மூன்று நாளைக்கு நசநசவென்று கிடக்கிற ஊரில், பண்டிகைக்கு ஒரு வாரம் இருக்கும்போது காகிதக்கூழ் பொம்மை தொடங்கினால் ஈரப் பொம்மையைத்தான் பரிசாகக் கொடுக்க வேண்டியிருக்கும்.

நாள் கணக்கு சுலபம். பர்மியரின் விளக்குப் பண்டிகையான தடின்ஜுட் ஒரு பௌர்ணமி. தீபாவளி அதற்கு அடுத்த அமாவாசை. நடுவில் இரண்டு வாரம்தான். 2024-இல் அக்டோபர் 17 தடின்ஜுட், 31 தீபாவளி. 2025-இல் 6-ம் தேதியும் 20-ம் தேதியும். முதல் பண்டிகைக்குச் செய்து முடித்துவிட்டால் இரண்டாவதற்குக் கூடவே ஆகிவிடும். தடின்ஜுட் முடிந்து பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்தவர்கள் தீபாவளிக்குக் கடையில்தான் போய் நிற்பார்கள். நவம்பருக்கு மேல் வானம் வெளுத்துவிடும் என்பதால் கிறிஸ்துமஸுக்குச் செய்கிறவர்களுக்கு மட்டும் இந்த அவசரம் இல்லை.

எந்தப் பண்டிகைக்கு யாருக்குக் கொடுப்பது?

தடின்ஜுட் பெரியவர்களுக்கு. பௌத்தர்களின் மழைக்கால நோன்பு மூன்று மாதம் முடிகிற நாள். தாவதிம்ச தேவலோகத்தில் தாயாருக்குத் தர்மம் சொல்லிவிட்டு இறங்கி வரும் புத்தருக்கு வழிகாட்டத்தான் ஊரெல்லாம் விளக்கு. அந்த நாட்களில் சின்னவர்கள் பெரியவர்கள் வீட்டுக்குப் போய் மண்டியிட்டு வணங்கி ஏதாவது கொடுப்பார்கள். பர்மியர்கள் அதைக் 'கடோ' என்பார்கள். பள்ளிக்கூட சயாமா (டீச்சர்), மாடி வீட்டு அபுவா (பாட்டி), அப்பா வேலை செய்யும் இடத்து சயா (முதலாளி) எல்லோரும் இந்தக் கணக்கில் வருவார்கள். நாம் தமிழர்களாக இருந்தாலும் பக்கத்து வீட்டுக் கிழவிக்கு நாம் வந்து வணங்கியதும் ஒரு சந்தோஷம்தானே. பழம், துண்டு, மெழுகுவத்தி கொடுப்பது வழக்கம். அதோடு சின்னதாக ஒரு கைவேலை.

தீபாவளி அக்கம்பக்கத்துக்கும் உறவுக்கும். அதற்குப் பலகாரம்தான் பரிசு, கைவேலை அந்தப் பலகாரம் போகிற பெட்டியில் இருக்கட்டும். கிறிஸ்துமஸுக்கு நம் தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பங்கள் நட்சத்திரம் கட்டுவார்கள். அது பற்றிக் கீழே தனியாக இருக்கிறது.

இதுவரை எதுவும் செய்ததில்லை. எதில் தொடங்கலாம்?

நூல்கோல அட்டை. ஊசி, நூல், ஒரு தடித்த அட்டை இருந்தால் போதும். பசை கிடையாது, மழைக்குப் பயமில்லை, மின்சாரம் போனாலும் ஜன்னலோரம் உட்கார்ந்து செய்யலாம்.

ஐந்துக்கு மூன்று இடைப்புள்ளி வைத்துக்கொள்ளுங்கள். அதாவது 3, 4, 5, 4, 3 என்று ஐந்து வரிசை, மொத்தம் 19 புள்ளி. புள்ளிக்குப் புள்ளி ஒன்றரை சென்டிமீட்டர். கோலம் போட்ட கைக்கு இது சொல்லித் தெரிய வேண்டியதில்லை, ஆனால் அட்டையில் பென்சிலால் வைக்கும்போது கை தானாகச் சின்னதாகப் போகும், அளவுகோல் வைத்தே வையுங்கள். மேல் வரிசையின் இரண்டு ஓரம், நடு வரிசையின் இரண்டு ஓரம், கீழ் வரிசையின் இரண்டு ஓரம், இந்த ஆறும் நட்சத்திரத்தின் ஆறு முனை. ஒன்று விட்டு ஒன்று சேர்த்தால் ஒரு முக்கோணம், மிச்சம் மூன்றைச் சேர்த்தால் தலைகீழ் முக்கோணம். ஒவ்வொரு கோட்டின் நடுவிலும் சரியாக ஒரு புள்ளி வந்து உட்காரும். ஆக ஒரு கோட்டுக்கு இரண்டு தையல், ஆறு கோட்டுக்கும் 12 தையல்.

அட்டையை மடித்த துண்டின் மேல் வைத்து, தேவையான 12 புள்ளியில் மட்டும் ஊசியால் முதலிலேயே துளை போட்டுவிடுங்கள். துளை போடாமல் நேராகத் தைத்தால் அட்டை கசங்கும், கோடும் கோணும். பிறகு முன்பக்கம் இடைவெளி விழாதபடி தையலைப் பின்னோக்கி எடுத்துப் போட வேண்டும். நூல் தளர்வாக இருந்தால் தொங்கும், இழுத்தால் அட்டை கிழியும். இரண்டு அட்டை வீணாகும், மூன்றாவதில் கை பழகிவிடும். பின்பக்கம் முடிச்சும் நூலும் அசிங்கமாகத் தெரியும் இல்லையா? அங்கே ஒரு துண்டு ஷான் காகிதத்தை ஒட்டி மூடுங்கள். ஷான் மாநிலத்துப் பிண்டயாவில் முசுக்கட்டை மரப்பட்டையை ஊறவைத்து அடித்துச் செய்கிற காகிதம் அது. பூவும் இலையும் சேர்த்தே காயவைத்தது கிடைத்தால் அட்டைக்கு வேறு அலங்காரமே வேண்டாம்.

பிட் டைங் டாங் பொம்மை வீட்டில் செய்ய முடியுமா?

முடியும். எனக்குப் பிடித்த கைவேலையும் அதுதான், அதனால் கொஞ்சம் நீட்டித்தான் சொல்வேன்.

பெயரிலேயே விஷயம் இருக்கிறது. 'பிட்' என்றால் எறிவது, 'டைங்' ஒவ்வொரு தடவையும், 'டாங்' நிமிர்வது. எத்தனை தடவை தள்ளினாலும் எழுந்து நிற்கிற முட்டை வடிவப் பொம்மை, சிவப்பு உடம்பு, வட்ட முகம். விழுந்தாலும் எழு என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்பார்கள். தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து வந்த குடும்பங்களுக்கு இது புதிதில்லை. நம் ஊர் தலையாட்டி பொம்மைகளில் ராஜா ராணி என்று அடி கனமாகச் செய்வார்களே, அதற்கும் இதற்கும் வேலை ஒன்றுதான். எங்கள் அப்பாயி இதைக் கடைசிவரை 'செட்டியார் பொம்மை' என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார். எந்தச் செட்டியாரைப் பார்த்து என்று அவருக்கே தெரியாது.

செய்முறை இது. ஒரு பலூனை உயரம் 12 சென்டிமீட்டருக்கு ஊதிக் கட்டுங்கள். பெரிதாக வேண்டாம், பெரிய பொம்மைக்கு அடியில் எவ்வளவு கனம் வைத்தாலும் போதாது. செய்தித்தாளை இரண்டு சென்டிமீட்டர் அகலத்துக்குக் கையால் கிழியுங்கள். கத்தரித்தால் ஓரம் கூர்மையாக நின்று வரிவரியாகத் தெரியும், கிழித்த ஓரம் படிந்துவிடும். பசை தடவி ஒரு சுற்று குறுக்கே, அடுத்த சுற்று நெடுக்கே. ஒரு நாளைக்கு இரண்டு சுற்றுக்கு மேல் போகாதீர்கள். மொத்தம் ஏழு எட்டுச் சுற்று வர வேண்டும். எந்தச் சுற்று எதுவரை வந்தது என்று தெரிய, ஒரு சுற்றுக்குப் படம் போட்ட பக்கம், அடுத்த சுற்றுக்கு எழுத்து மட்டும் உள்ள பக்கம் என்று மாற்றி ஒட்டச் சொல்வேன் பிள்ளைகளிடம்.

வெயிலைக் கண்டதும் தூக்கிக்கொண்டு மொட்டைமாடிக்கு ஓடாதீர்கள். சூடு பட்டால் பலூனுக்குள் காற்று விரியும், காயாத காகிதம் வெடிக்கும். நிழலில், காற்றோட்டத்தில், நூலில் தொங்கவிட்டுக் காயவைக்க வேண்டும். தட்டினால் தக்கை மாதிரி சத்தம் வந்தால் காய்ந்துவிட்டது என்று அர்த்தம். பலூனைக் குத்தி எடுத்துவிட்டு, பிளேடால் பொம்மையை இடுப்பில் இரண்டாக வெட்டுங்கள்.

அடிப்பாதியின் உள்ளே களிமண்ணைப் பசையோடு பிசைந்து, கிண்ணத்தில் தோசை மாவு தேங்கினாற்போல அடியோடு அடியாக அப்புங்கள். 12 சென்டிமீட்டர் பொம்மைக்கு நூறு நூற்றைம்பது கிராம் சரியாக இருக்கும். மூடுவதற்கு முன்னால் மேல்பாதியைச் சும்மா வைத்து, டேப்பால் பிடித்து, தள்ளிப் பாருங்கள். எழுந்தால்தான் ஒட்ட வேண்டும். ஒட்டிய இடத்தின் மேல் இன்னும் இரண்டு சுற்றுக் காகிதம். பிறகு சாக்பீஸ் தூளும் வெள்ளைப் பசையும் குழைத்து ஒரு பூச்சு, காய்ந்ததும் உப்புத்தாள், மறுபடி ஒரு பூச்சு, மறுபடி உப்புத்தாள். அதற்கு மேல் சிவப்பு. முகத்தைக் கடைசியில் எழுதுங்கள். கண்ணைப் பென்சிலால் குறித்துக்கொண்டு எழுதுவது நல்லது, ஒரு கண் ஏறியும் ஒரு கண் இறங்கியும் இருந்தால் என்ன செய்தாலும் அந்தப் பொம்மை நம்மைச் சந்தேகமாகவே பார்த்துக்கொண்டிருக்கும்.

செய்துவிட்டேன். தள்ளினால் படுத்துக்கொள்கிறது, எழவில்லை. ஏன்?

என் முதல் பொம்மையும் படுத்துக்கொண்டதுதான். நான் களிமண்ணுக்குப் பதில் மணலைக் கொட்டி மூடிவிட்டேன். தள்ளியதும் மணலும் கூடவே சாய்ந்தது. பொம்மை குடித்துவிட்டு வந்தவர் மாதிரி சுவரோரம் சாய்ந்தபடியே கிடந்தது. மாமனார் முன்னால் வேறு.

காரணம் இதுதான். பொம்மையின் அடி ஒரு பந்தின் பாதி மாதிரி வளைந்திருக்கிறது. அந்தப் பந்து முழுதாக இருந்தால் அதன் நடுப்புள்ளி எங்கே இருக்குமோ, பொம்மையின் எடை மையம் அதற்குக் கீழே இருக்க வேண்டும். அப்படி இருந்தால் பொம்மையைச் சாய்க்கும்போது எடை மேலே ஏறும், விட்டதும் கீழே இறங்கப் பார்க்கும், பொம்மை நிமிரும். எடை அசைந்தாலோ, தலை கனத்துப்போனாலோ, அடி தட்டையாகக் காய்ந்திருந்தாலோ நிமிராது. அதனால் மூன்றைப் பாருங்கள்: களிமண் ஒட்டிக்கொண்டு காய்ந்திருக்கிறதா, மேல்பாதியில் காகிதம் அதிகமாகிவிட்டதா, அடியைத் தரையில் வைத்துக் காயவைத்தீர்களா. பெரும்பாலும் மூன்றாவதுதான் காரணமாக இருக்கும்.

பசையை எப்படிக் காய்ச்சுவது? இரண்டே நாளில் பூஞ்சை பிடித்துவிடுகிறதே?

ஒரு பங்கு மைதாவை ஐந்து பங்கு தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, சின்னத் தீயில் கிண்டிக்கொண்டே இருங்கள். வெள்ளை நிறம் போய்க் கண்ணாடி மாதிரி பளபளக்கும்போது இறக்கலாம். ஒரு ஸ்பூன் உப்பு போட்டால் பூஞ்சை கொஞ்சம் தள்ளிப்போகும். அந்தக் காலத்தில் பசையில் மயில்துத்தம் போடுவார்கள். அது விஷம், பிள்ளைகள் கைவைக்கிற பசையில் வேண்டவே வேண்டாம். அன்றன்றைக்கு வேண்டிய அளவு மட்டும் காய்ச்சுங்கள், மீந்ததை மறுநாளுக்கு வைக்காதீர்கள்.

பூஞ்சை வருவது பெரும்பாலும் பசையால் இல்லை, அவசரத்தால். உள்சுற்று ஈரமாக இருக்கும்போதே மேல்சுற்று ஒட்டினால் ஈரம் வெளியே போக வழியில்லை. மூடி வைத்த பொம்மைக்குள்ளிருந்து ஒரு வாரம் கழித்துப் பழைய சாக்கு நாற்றம் வரும். அதைக் காப்பாற்ற முடியாது, தூக்கிப் போடத்தான் வேண்டும்.

என்ன செய்தாலும் பள்ளிக்கூட வேலை மாதிரியே தெரிகிறதே?

இதுதான் எல்லாக் கேள்வியிலும் முக்கியமானது. எல்லோரும் அலங்காரம் போதவில்லை என்று நினைத்து மினுமினுப்பு, பாசி, ரிப்பன் என்று மேலே மேலே ஒட்டுகிறார்கள். ஒட்ட ஒட்ட இன்னும் மோசமாகும். பரிசுக்கும் பள்ளிக்கூட வேலைக்கும் வித்தியாசம் ஓரத்தில் இருக்கிறது. அட்டையின் ஓரம் நேராக வெட்டியிருக்கிறதா, பசை வெளியே வழிந்திருக்கிறதா, நூல் நுனி தொங்குகிறதா, பெட்டியின் மூலை பொருந்துகிறதா. வாங்குகிறவர் கை முதலில் போவது அங்கேதான்.

எனவே பத்துச் சாமான் செய்ய நினைத்தால் நான்கு செய்யுங்கள். மிச்சமாகிற நேரத்தை அந்த நான்கின் ஓரத்துக்குக் கொடுங்கள். நிறமும் இரண்டோ மூன்றோ போதும். பாகானில் கறுப்புக்கு மேல் தங்கம் மட்டும் போட்ட அரக்குப் பாத்திரங்களைப் பாருங்கள். யாராவது குறை சொல்லியிருக்கிறார்களா?

அந்த மாதிரி அரக்குப் பூச்சு நாமே போடலாமா?

வேண்டாம். அது 'திட்சி' என்கிற மரத்துப் பால். பச்சையாகக் கையில் பட்டால் பலருக்குத் தோல் சிவந்து தடித்து அரிக்கும். மெல்லிய பூச்சு ஒன்று போட்டு, ஈரப்பதமான நிலவறையில் நாட்கணக்கில் வைத்து, தேய்த்து, மறுபடி பூச வேண்டும். ஒரு நல்ல கிண்ணம் முடிய மாதக்கணக்காகும். அந்தப் பால் வெயிலில் காயாது, ஈரத்தில்தான் இறுகும். நமக்குத் தொல்லை கொடுக்கிற ஈரம் பாகான்காரர்களுக்கு வேலைக்காரன். நமக்குச் சாதாரண வார்னிஷ் போதும்.

நட்சத்திர விளக்கு கட்டுவது கஷ்டமா?

முதல் தடவை இன்னொருவர் பிடித்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். செய்வதில் லாபமும் அதிகம். தடின்ஜுட்டுக்குத் தொங்கவிட்ட நட்சத்திரத்தைத் தீபாவளிக்கும் இறக்க வேண்டியதில்லை, கிறிஸ்துமஸுக்குத் தாள் மட்டும் மாற்றினால் ஆயிற்று.

40 சென்டிமீட்டர் நீள மூங்கில் சிம்பு பத்து, 8 சென்டிமீட்டர் துண்டு ஐந்து. ஐந்து சிம்பை ஒரு கோட்டில் வரைகிற ஐந்துமுனை நட்சத்திரமாகக் கட்டுங்கள், நுனியிலும் குறுக்கே வெட்டுகிற இடத்திலும் நூல் சுற்றி. அதே மாதிரி இன்னொன்று. இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்து ஐந்து நுனியையும் சேர்த்துக் கட்டிவிட்டு, நடுவில் சிம்புகள் வெட்டிக்கொள்கிற ஐந்து இடத்திலும் குட்டைத் துண்டை நிறுத்தினால் வயிறு உப்பி நிற்கும். சிம்பின் சிலாம்பைச் சீவியோ உப்புத்தாளால் தேய்த்தோ எடுத்துவிட்டுப் பிள்ளைகள் கையில் கொடுங்கள். கலர் கண்ணாடித்தாளோ ஷான் காகிதமோ ஒட்டலாம். ஷான் காகிதத்தில் வெளிச்சம் மங்கலாகக் கசியும், எனக்கு அதுதான் பிடிக்கும். பிள்ளைகளுக்குப் பளபளக்கிற கண்ணாடித்தாள்தான் வேண்டும், வாதாடிப் பிரயோசனமில்லை.

உள்ளே மெழுகுவத்தி வைக்காதீர்கள். பட்டரியில் எரிகிற சின்ன எல்இடி விளக்கு போதும். மின்சாரம் போகிற இரவுகளில் தெருவில் உங்கள் வீட்டு நட்சத்திரம் மட்டும் எரியும்.

பழைய லுங்கித் துணியில் பை தைத்துக் கொடுக்கலாமா?

துணி புதியதாக இருந்தால் தாராளமாக. தையல்காரரிடம் கேட்டால் வெட்டி விழுந்த ஓரத்துண்டு ஒரு பை நிறையக் கொடுப்பார். ஆனால் பெண்கள் கட்டிப் பழகிய தமெயினை வெட்டித் தைத்ததை, அதிலும் ஆண்களுக்கு, கொடுத்துவிடாதீர்கள். அது பட்டால் ஆணின் 'போன்', அதாவது ஆணுக்கென்று உள்ள மகிமை, குறைந்துபோகும் என்பது பர்மியர் நம்பிக்கை. பெரியவர்கள் தமெயின் காய்கிற கொடிக்கு அடியில்கூடக் குனிந்து போகமாட்டார்கள். நீங்கள் நம்புகிறீர்களோ இல்லையோ, மரியாதைக்குக் கொடுக்கிற பொருளில் அந்தச் சங்கடம் எதற்கு?

மூக்குக்கண்ணாடிப் பை தைப்பது சுலபம். 20 சென்டிமீட்டருக்கு 18 சென்டிமீட்டர் துண்டு இரண்டு, ஒன்று வெளிக்கு, ஒன்று உள்ளுக்கு. நடுவில் பழைய போர்வைத் துண்டு. கட்டம் போட்ட லுங்கித் துணியானால் மடிக்கும்போது கட்டத்தோடு கட்டம் பொருந்த வேண்டும், அதைத்தான் மேலே ஓரம் என்று சொன்னேன்.

ஆண்களுக்கு என்ன கொடுப்பது?

அந்த மூக்குக்கண்ணாடிப் பைதான். நாற்பதைத் தாண்டிய யாருக்கும் உதவும்.

தீபாவளிப் பலகாரத்துக்குக் காகிதப் பெட்டி மடிப்பது எப்படி?

பழைய மாதக் காலண்டர் தாள் தடிப்பாக, வழவழப்பாக இருக்கும். 30 சென்டிமீட்டர் சதுரமாக வெட்டி, நான்கு மூலையையும் நடுவுக்கு மடித்து, பிறகு எதிரெதிர் ஓரங்களையும் நடுவுக்கு மடித்துப் பிரித்து நிமிர்த்தினால் பத்தரை சென்டிமீட்டர் சதுரப் பெட்டி, ஐந்து சென்டிமீட்டர் உயரத்தில் வரும். அடிப்பெட்டிக்குத் தாளை அரை சென்டிமீட்டர் குறைத்து வெட்டினால் மூடி சரியாக இறங்கும். பத்துப் பன்னிரண்டு அதிரசம் தாங்கும். எண்ணெய்ப் பலகாரம் அச்சுத்தாளில் நேராகப் படக் கூடாது. மை ஊறும். உள்ளே பட்டர் பேப்பரோ வாட்டிய வாழையிலையோ போடுங்கள்.

சாமி படம் போட்ட காலண்டரை மட்டும் தொடாதீர்கள். பிள்ளையார் முகம் பெட்டிக்கு அடியில் வந்து, பலகாரம் தீர்ந்ததும் குப்பைக்கூடையில் கிடந்தால் யாருக்குமே மனசு கேட்காது. புத்தர் படம் அதைவிட முக்கியம். அட்டை, பை, பெட்டி எதிலும் அலங்காரமாகப் போடாதீர்கள், இந்த நாட்டில் அது பெரிய அவமதிப்பு.

தங்க ஆந்தை ஜோடி செய்யலாமா? பர்மியர் வீடுகளில் பார்த்திருக்கிறேன்.

செய்யலாம், பிட் டைங் டாங் மாதிரிதான், தங்க நிறம் பூச வேண்டும், காது வைக்க வேண்டும். 'ஸீக்வெட்' என்று பெயர். ஆணும் பெண்ணுமாக ஜோடியாக வீட்டிலோ கடையிலோ வைத்தால் அதிர்ஷ்டம் என்பார்கள். போஜோ சந்தையில் (1926-இல் ஸ்காட் மார்க்கெட் என்று கட்டியது, திங்கட்கிழமை போய் நிற்காதீர்கள், விடுமுறை) எல்லா அளவிலும் தொங்கும், மாதிரிக்கு ஒன்று பார்த்துவிட்டு வாருங்கள்.

ஆனால் யாருக்குக் கொடுக்கிறீர்கள் என்று யோசியுங்கள். நமக்கு ஆந்தை அலறினால் அபசகுனம். எங்கள் தெருவில் புதுமனை புகுந்த ஒரு தமிழ் வீட்டுக்கு நான் ஆசை ஆசையாக ஒரு ஜோடி கொண்டுபோனேன். வாங்கியவருக்கு முகம் ஓடவில்லை, வேண்டாம் என்று சொல்லவும் முடியவில்லை. மறுவாரம் போனபோது ஆந்தைகள் இரண்டும் பின்கட்டில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தன. அவற்றை மீன் ஜோடியாகச் செய்திருந்தால் முன்னறையில் இருந்திருக்கும்.

எத்தனை வயதுப் பிள்ளைகள் எதைச் செய்யலாம்?

நாலைந்து வயதில் காகிதம் கிழிக்கலாம், பசை தடவலாம். அதிலேயே ஒரு மணி நேரம் போய்விடும். ஏழெட்டு வயதில் பெட்டி மடிப்பு, பத்து வயதில் நூல்கோலம். பிளேடும் மூங்கில் சீவுகிற கத்தியும் பெரியவர் கையில்தான். வாயில் வைக்கிற வயதுக் குழந்தைக்குப் பெயின்ட் பொம்மையோ பாசி வைத்த பொருளோ பரிசாகக் கொடுக்காதீர்கள், துணிப்பந்து தையுங்கள்.

சென்னையில் இருக்கும் உறவினருக்கு அனுப்ப எது சரிப்படும்?

1960-களில் பாதிக் குடும்பம் கப்பலேறிப் போனதால் இந்தக் கேள்வி எல்லா வீட்டிலும் உண்டு. தட்டையானது, நசுங்காதது: நூல்கோல அட்டை (பின்பக்கம் பூவும் இலையும் இல்லாத காகிதம் ஒட்டியது), கண்ணாடிப் பை, துணிப் புத்தகக்குறி. விதை, காய்ந்த இலை, பூ வைத்த சாமான்களைச் சுங்கத்தில் நிறுத்தக்கூடும், அனுப்பாதீர்கள். பொம்மையை யாராவது நேரில் போகும்போது கைப்பையில் கொடுத்துவிடுங்கள்.

கொடுக்கும்போது ஏதாவது முறை உண்டா?

பர்மியப் பெரியவர்களுக்கு இரண்டு கையாலும் கொடுங்கள், அல்லது வலது கையால் கொடுத்து இடது கையால் வலது முழங்கையைத் தொட்டுக்கொள்ளுங்கள். அவர்கள் உங்கள் முன்னாலேயே பிரித்துப் பார்க்காவிட்டால் பிடிக்கவில்லை என்று நினைக்க வேண்டாம், கொடுத்தவர் போன பிறகு பிரிப்பதுதான் அவர்களுக்கு நாகரிகம். பிள்ளைகள் கடோ செய்தால் பெரியவர்கள் ஆசீர்வாதம் சொல்லிக் கையில் கொஞ்சம் காசும் வைப்பார்கள். அதை எதிர்பார்த்து ஒரே வீட்டுக்கு இரண்டு தடவை போன பையன்கள் என் வகுப்பில் இருக்கிறார்கள்.

கையால் செய்ததைக் கொடுத்தால் கஞ்சத்தனம் என்பார்களா? உண்மையில் செலவு குறைவா?

பெட்டியும் அட்டையும் செலவே இல்லை. பொம்மைக்குப் பெயின்ட், வார்னிஷ், தூரிகை எல்லாம் புதிதாக வாங்கினால் முதல் பொம்மை கடைப் பொம்மையைவிட விலை கூடத்தான் வரும். ஐந்தாறு செய்தால்தான் கட்டுப்படியாகும், இரண்டு மூன்று வீட்டுக்காரர்கள் சேர்ந்து வாங்கிப் பகிர்ந்துகொள்ளுங்கள்.

கஞ்சத்தனம் என்று சொல்கிறவர்கள் சொல்வார்கள்தான். சயாமாவுக்குப் பழக்கூடை கொடுப்பது வழக்கமாக இருக்கிற இடத்தில் பழத்தையும் கொடுத்து, மேலே அட்டையை வையுங்கள்.

கொடுத்த பொம்மை உடைந்துவிட்டது என்று திருப்பிக் கொண்டுவந்தால்?

வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். விரிசல் மட்டும் என்றால் இரண்டு சுற்றுக் காகிதம், உப்புத்தாள், அதே சிவப்பு. அதனால் பெயின்ட் டப்பாவில் கொஞ்சம் மிச்சம் வைத்து, மூடியில் பெயரையும் எழுதி வையுங்கள், பிறகு அதே சிவப்பு கிடைக்காது. உள்ளே களிமண் கழன்று கடகடவென்று ஆடினால் மறுபடி இடுப்பில் வெட்டித்தான் ஒட்ட வேண்டும். எதிர்வீட்டு அபோவின் (தாத்தாவின்) பேரன் ஒரே பொம்மையை மூன்று தடவை கொண்டுவந்துவிட்டான். எறிந்தால் எழுந்து நிற்குமா என்று மாடியிலிருந்து எறிந்து பார்த்தானாம். பெயர் அப்படித்தானே சொல்கிறது என்றான்.